கசிவு என்று எழுதினவர்

சொர்ணம்மாளைத் தேடிப் போலீஸ் வந்தபோது அவள் வயலில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. நட்டு நாற்பது நாள் ஆன பயிர் நிற்க வேண்டிய இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சரளும் மணலும் கிடந்தன. இடையிடையே ஆள் தலை அளவுக் கற்கள். பூதப்பாண்டிக்குக் கிழக்கே பாசனச் சானல் கரையை ஒட்டிய அறுபது சென்ட் வயல் அது. முக்கால்வாசி மூடிப் போயிருந்தது. மிஷினை இறக்கினால் ஒரே நாளில் அள்ளிவிடலாம் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மிஷின் வருவதென்றால் பிழைத்துக் கிடக்கிற பக்கத்து வயல்களை மிதித்துக்கொண்டுதான் வர வேண்டும். அதற்கு யார் சம்மதிப்பார்கள்? அவளும் கேட்கவில்லை. விடிந்ததும் ஓலைக் கடவத்தை எடுத்துக்கொண்டு வருவாள். கல்லைப் பொறுக்கிக் கரையில் கொட்டுவாள். பத்து மணி வாக்கில் புருசனுக்குக் கஞ்சி கொடுக்கப் போவாள். திரும்ப வந்து பொறுக்குவாள். பதினைந்து நாளில் ஒரு மூலை தெரிந்திருந்தது. அதிலும் பழைய சேற்றுத் தொளி இல்லை, கீழேயும் சரள்தான்.

கரையில் பைக்கை நிறுத்திவிட்டு அந்தப் போலீஸ்காரன் இறங்கி வந்தான். சின்ன வயசு. சட்டையில் அனிஷ் என்று எழுதியிருந்தது. பூட்ஸ் மணலில் புதைந்தது.

"சொர்ணம்மாங்கது யாருக்கா?"

"நாந்தான். என்ன வேணும்?"

"மூணு மணிக்கு ஸ்டேசனுக்கு வரணும். ஒங்க பேருல ஒரு கம்ப்ளெய்ன்ட் இருக்கு."

அவள் கையிலிருந்த கல்லைக் கீழே போடவில்லை. "எம் பேருலயா? நானுல்லா குடுக்கணும் கம்ப்ளெய்ன்டு!"

"சானல் ஆபீஸ் இன்ஜினியரு குடுத்திருக்காரு. நீங்க ஆபீசுக்குள்ள போயி அவர வாய்க்கு வந்த தெறியெல்லாம் சொன்னீங்களாம்."

"ஆமா, சொன்னேன்."

அனிஷ் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அங்க வந்து இல்லேன்னு சொல்லுங்கக்கா. லேசா முடிஞ்சிரும்."

"சொன்னத எதுக்குடே இல்லேங்கணும்? மக்கா, நீ இந்த வயலப் பாரு. நல்லாப் பாத்துக்கிட்டுப் போ."

அவன் பார்த்தான். பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

சானலுக்குச் சிமெண்டுத் தளம் போடுகிற வேலை அது. பங்குனி சித்திரையில் தண்ணீர் அடைத்திருக்கும்போது செய்து முடித்திருக்க வேண்டியது. காண்ட்ராக்டர் புரட்டாசியில் வந்தான். சானலுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி அணை கட்டினான். தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பினான். கீழே நாலு நாள் வேலை நடந்தது. பிறகு ஆளையும் காணோம், கலவை மிஷினையும் காணோம். மண் அணை மட்டும் நின்றது. ஐப்பசி பிறந்தபோது அந்தச் சானல் பாய்கிற வயல்காரர்கள் பதினாலு பேர் கையெழுத்துப் போட்டு, அணையை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். கான்கிரீட் காய வேண்டும் என்றார் இன்ஜினியர். மழைக்காலத்தில் எது காயும் என்று கேட்டதற்கு, "நீங்க விவசாயத்தப் பாருங்க, இன்ஜினியரிங்க நான் பாத்துக்கிடுகேன்" என்றார்.

ஐப்பசி பதினெட்டாம் தேதி மத்தியானம் மலை கறுத்தது. இரண்டு மணிக்கெல்லாம் பொழுது அடைந்த மாதிரி ஆகிவிட்டது. கீழே தூறல்தான். மேலேதான் கொட்டுகிறது என்று ஓடையின் நிறத்தைப் பார்த்தே அவள் புருசன் தங்கப்பன் சொல்லிவிட்டார். அப்போதுதான் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் தின்று கை கழுவியிருந்தார். நெற்றியில் போட்ட நாமம் மழையில் கரையக் கரைய மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார். அணையில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டி விட்டால் போதும், தண்ணீர் வழிந்து போய்விடும் என்பது அவர் கணக்கு. பின்னாலேயே சொர்ணம்மாளும் போனாள்.

அவர் பத்து வெட்டுகூட வெட்டியிருக்க மாட்டார். மேலே லாரி கூட்டமாக வருகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்டது. செக்கச் செவேல் என்று தண்ணீர் வந்தது. முழு வாழைமரங்கள் வேரோடு வந்தன. யாரோ வீட்டுக் கோழிக்கூடு வந்தது. அணையில் முட்டி நின்று, திரண்டு, போக வழி தெரியாமல் பக்கத்துக் கரையைப் பிளந்தது. அவள் கண் முன்னால் பன்னிரண்டு அடிக் கரை அப்படியே வயலுக்குள் சாய்ந்தது. அதோடு தங்கப்பனும் போனார். தண்ணீர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஓடைப்பாலத்துக் கல்லில் அடித்தது. பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் உயிர் மிஞ்சியது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த அணையும் பாதி கரைந்து போனது. மிச்சத்தை மறுநாள் விடியுமுன்னே காண்ட்ராக்டரின் மிஷின் வந்து வாரிக்கொண்டு போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் புருசனுக்குப் பிளேட் வைக்கிறார்கள் என்று இவள் வாசலில் உட்கார்ந்திருந்த நேரம் அது. வந்து பார்த்தவர்களுக்கு உடைந்த கரை மட்டும்தான் கண்ணில் பட்டது.

இன்ஜினியர் வந்து பார்த்து ரிப்போர்ட் எழுதினார். அதை வைத்துத்தான் வெள்ள நிவாரணப் பட்டியலில் பேர் வரும். பேர் வரவில்லை. கிராம ஆபீசில் கேட்டதற்கு அந்த ரிப்போர்ட்டின் நகலைக் கொடுத்தார்கள். இங்கிலீசில் இருந்தது. மகள் சுபிதா படித்துச் சொன்னாள். அவள் தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஸ் டீச்சர்.

"கரையில நில உடைமைக்காரரு வாழை நட்டதால மண்ணு எளகி, நண்டு வளை வழியா சீப்பேஜ் உண்டாயிருக்குன்னு போட்டிருக்கும்மா."

"சீப்பேஜ்னா?"

"கசிவு."

"கசிவா?" சொர்ணம்மாள் மறுபடி கேட்டாள். "பானையில கசியும்லா, அந்தக் கசிவா?"

அவள் கரையில் ஆறு வாழை நட்டிருந்தது உண்மைதான். எல்லாரும் நட்டிருந்தார்கள்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அம்மையும் மகளும் சானல் ஆபீசுக்குப் போனார்கள். இன்ஜினியர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "தண்ணி சும்மா கசிஞ்சதும்மா. ஒங்க வீட்டுக்காரரு பயந்துபோய் ஓடயில வழுக்கி விழுந்திருப்பாரு" என்றார்.

அதற்குப் பிறகு கால் மணி நேரம் சொர்ணம்மாள்தான் பேசினாள். ஆபீசில் இருந்த ஒன்பது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "போதும்மா, வாம்மா" என்று சுபிதா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். தெரு முக்கு வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. அது நடந்து நாலாம் நாள்தான் அனிஷ் வந்தது.

வீட்டில் தங்கப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டாக்டர் மூன்று மாதம் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார். சொர்ணம்மாள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, அவரை ஒருக்களித்துத் திருப்பினாள். முதுகில் பவுடர் போட்டாள். கஞ்சியில் தேங்காய்த் துவையலைக் கரைத்து ஊட்டினாள். நாலு வாய்க்குப் பிறகு அவர் போதும் என்றார்.

"போலீஸ் வந்துச்சாமே?"

"வந்தான். சின்னப் பய. கூப்பிட்டுட்டுப் போனான்."

"மன்னிப்புக் கேட்டுரு ஏட்டி. எனக்காவக் கேளுட்டி."

"எதுக்கு?"

"நான் இப்பிடிக் கெடக்கேன். நீயும் கேசு கோர்ட்டுன்னு போனா ஆரு என்னப் பொரட்டிப் போடுவா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. தட்டைக் கழுவப் போனாள். குழாயடியில் நின்று கொஞ்ச நேரம் வெறும் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வருமென்று நினைத்தாள், வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்ததுதான் மிச்சம்.

மூன்று மணிக்கு ஸ்டேசன் வாசலில் சுபிதா நின்றாள். அரை நாள் லீவு போட்டு, கழுத்தில் பள்ளிக்கூட அட்டையோடு நேரே வந்திருந்தாள். அரசுப் பள்ளி வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறி இரண்டு வருசமாகப் போஸ்டிங்குக்குக் காத்திருக்கிறாள். வீட்டில் ஒரு கேசு என்றால் அது எங்கே போய் முட்டுமோ என்று அவளுக்குப் பயம்.

"யம்மா, அங்க பைய பேசு. கையெழுத்துப் போடச் சொன்னா போட்டுரு. நான் கும்பிட்டுக் கேக்கேன்."

"செரி."

"சத்தியமா?"

"செரின்னு சொன்னேம்லா."

உள்ளே எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெறுகிற வயசு. எதிரே நாற்காலியில் இன்ஜினியர். அவர் மடியில் ஒரு தோல் பை, கையில் போன். அம்மைக்கும் மகளுக்கும் நாற்காலி போடவில்லை. ஓரத்து மேசையில் அனிஷ் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இந்தாம்மா" என்றார் எஸ்.ஐ. "சார் பெரிய மனசு பண்ணி வந்திருக்காரு. தெரியாமப் பேசிட்டேன், இனி ஆபீஸ் பக்கம் வரமாட்டேன், கரை விசயமா மனுவும் குடுக்கமாட்டேன்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து. முடிஞ்சுது."

"மனுவும் குடுக்கமாட்டேன்னா?" என்றாள் சொர்ணம்மாள்.

சுபிதா அவள் முழங்கையைத் தொட்டாள்.

"செரி. போடுகேன். அதுக்கு முன்ன, எம் பேருல என்ன எழுதிக் குடுத்திருக்காருன்னு எனக்குத் தெரியணும்லா? அதப் படிக்கச் சொல்லுங்க."

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டு அனிஷைப் பார்த்தார். அவன் புகாரை எடுத்தான். முழுக்க இங்கிலீஸ். நாலு வரி தட்டுத் தடுமாறி வாசித்தான். பிறகு நின்றான்.

"டொரண்ட்னு போட்டிருக்கு சார். அது சினிமாப் படம் களவா எறக்குகதுல்லா? இவங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல படமும் எறக்கினாங்களா?"

"இங்க கொண்டாடே" என்று எஸ்.ஐ. வாங்கினார். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். அவருக்கும் பிடிபடவில்லை. "டீச்சர்தானம்மா நீ? படிச்சு அம்மைக்குச் சொல்லு. வெளங்கட்டும்."

சுபிதா காகிதத்தை வாங்கினாள். மெதுவான குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். இன்ன தேதி, இத்தனை மணி, அரசு அலுவலகத்துக்குள் நுழைந்து, பணி செய்ய விடாமல். அந்த இடம் வந்ததும் அவளும் நின்றுவிட்டாள்.

"என்ன மக்ளே?"

"ஒண்ணுமில்லம்மா. வசவுன்னு போட்டிருக்கு."

"அதுக்கு இம்புட்டு நேரமா? அந்தப் பய சொன்னானே ஒரு வார்த்தை. அதுக்கு என்ன அர்த்தம்?"

"டொரண்ட்னா... மலையில மழை பெஞ்சு, திடீர்னு எரச்சலோட அடிச்சுக்கிட்டு வரும்லா தண்ணி. எதிர்ல நிக்கத எல்லாம் பொரட்டிக்கிட்டு. அந்தக் காட்டுவெள்ளத்துக்குப் பேரு டொரண்ட். நெட்டுல படம் எறக்குகதுக்கும் அந்தப் பேரத்தான் வச்சிருக்காங்க. இதுல, நீ அவரச் சொன்ன வசவு அந்த மாதிரி வந்துதுன்னு எழுதியிருக்காரு."

எஸ்.ஐ. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

சொர்ணம்மாள் இன்ஜினியரைப் பார்த்துத் திரும்பினாள். சத்தம் போடவில்லை. சுபிதாவுக்குப் பயம் கூடியதே அதனால்தான்.

"சார், இந்த வார்த்தை ஒமக்கு மொதல்லயே தெரியுமா?"

"என்னது?"

"இந்த டொரண்டு. ரிப்போர்ட்டு எழுதுகப்பம் தெரியுமா, இல்ல எங்கிட்ட ஏச்சு வாங்கின பொறவு படிச்சீரா?"

"இங்க பாரும்மா, அது இங்கிலீஸ்ல ஒரு பேச்சுக்கு எழுதுகது. ஒனக்கு வெளங்காது."

"எனக்கு நல்லா வெளங்குது. மலையில இருந்து வந்து, கரையப் பொளந்து, எம் புருசனத் தூக்கிட்டுப் போயிக் கல்லுல அடிச்சுது பாரும், அது ஒமக்குக் கசிவு. கல்லு பொறுக்குக ஒருத்தி வாயில இருந்து வந்த நாலு சொல்லு ஒமக்குக் காட்டுவெள்ளம். அவரு மேல அடிச்சது கசிவு, ஒம்ம மேல அடிச்சது வெள்ளம். ஒம்ம சட்டை நனஞ்சுதா சார்? எங்க, எலும்பு எத்தன எடத்துல ஒடிஞ்சுது, காட்டும் பாப்போம்!"

"எஸ்.ஐ. சார், பாத்துக்கிடுங்க. இங்கயே இப்பிடிப் பேசுகா."

"அம்மா, பைய" என்றார் எஸ்.ஐ.

"பையத்தான் பேசுகேன். அந்த வார்த்தைய எடுத்து அந்த ரிப்போர்ட்டுல வைக்கச் சொல்லுங்க. கசிவ எடுத்து இந்தக் கம்ப்ளெய்ன்டுல வைக்கட்டும். சொர்ணம்மா வாயில இருந்து கொஞ்சம் கசிஞ்சுதுன்னு எழுதட்டும். இந்தா, எங்க காட்டுகாரோ அங்க கையெழுத்துப் போடுகேன்."

அனிஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டான்.

இன்ஜினியர் சுபிதாவைப் பார்த்தார். "டீச்சர், படிச்ச பிள்ளைதானே நீ. அம்மைக்கு எடுத்துச் சொல்லு. ஒனக்கும் நாளைக்கு ஒரு கவர்மெண்டு வேலை கிடைக்கணும்லா?"

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சுபிதா அந்த மன்னிப்புக் காகிதத்தைக் கையில் எடுத்தாள். முழுக்கப் படித்தாள். பிறகு எஸ்.ஐ. மேசையில், எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"எங்கம்மை இதுல கையெழுத்துப் போடமாட்டா சார்."

சொர்ணம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பம் கேசு போடுங்க" என்று இன்ஜினியர் எழுந்தார்.

"இருங்க சார், ஒங்க முன்னால எழுதினாத்தான் நல்லது" என்றார் எஸ்.ஐ. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அனிஷு, அந்த அம்மைக்கும் பிள்ளைக்கும் ரெண்டு நாற்காலி எடுத்துப் போடு. நீ எழுது. என்னென்ன வார்த்தை சொன்னாங்கன்னு அப்படியே வேணும். இதுல வெறுமனே டொரண்ட்னுல்லா இருக்கு? கோர்ட்டுல தண்ணியக் காட்டுன்னா நான் எங்க போவேன்?"

"வார்த்தையெல்லாம் எதுக்கு சார்?"

"அது இல்லாம கேசு நிக்காது சார்."

சொர்ணம்மாள் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். சட்டியில் என்னென்ன போட்டேன் என்று அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்கிற மாதிரி நிதானமாக ஆரம்பித்தாள்.

"ஐப்பசி மாசத்துல சானலுக்குக் குறுக்க மண்ணப் போட்டு அடைக்கச் சொன்னவன் கையி அழுகிப் போகணும்னு சொன்னேன். எழுதுனியா?"

"எழுதிட்டேங்க்கா."

"பதினாலு பேரு கையெழுத்துப் போட்டுக் குடுத்த மனுவ மடிச்சு மேசைக்கு அடியில போட்டவன் பேதியில போவான்னு சொன்னேன்."

"இது கம்ப்ளெய்ன்ட்ல இல்ல!" என்றார் இன்ஜினியர்.

"டொரண்டுக்குள்ள எல்லாம் வருமே சார்" என்றார் எஸ்.ஐ. "மேல சொல்லும்மா."

"ஒடைஞ்ச மறுநாளு, நான் ஆஸ்பத்திரியில கெடக்கப்பம், விடியுகதுக்குள்ள மிஷினக் கொண்டுவந்து மிச்ச மண்ண வாரிட்டுப் போன காண்ட்ராக்டரும், அவன வாரச் சொன்னவரும் கொள்ளையில போகணும்னு சொன்னேன். பன்னெண்டு அடிக் கரை சாஞ்சத நண்டு வளைன்னு எழுதின கண்ணு அவிஞ்சு போகணும்னு சொன்னேன். இடுப்பொடிஞ்சு கெடக்கவர வழுக்கி விழுந்தாருன்னு சொன்ன நாக்குல புத்து வைக்கணும்னு சொன்னேன்."

அனிஷ் பக்கத்தைத் திருப்பினான். அவள் நிறுத்தி, அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னாள். தேதி கேட்டால் தேதி சொன்னாள். மனு கொடுத்த கிழமை சொன்னாள். அணைக்கு மண் கொண்டு வந்த லாரியின் நிறம் சொன்னாள். இன்ஜினியர் போனை எடுத்தார், வைத்தார். வெளியே போகலாமா என்று பார்த்தார். புகார்தாரர் கையெழுத்து பாக்கி இருக்கிறது என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார்.

ஏழு பக்கம் வந்தது. பின்னால், கரைக்கு மறு விசாரணை கேட்டு அவள் வக்கீல் மேல் ஆபீசுக்கு எழுதினபோது முதல் ஆதாரமாக இணைத்தது அந்த ஏழு பக்கத்தைத்தான். அந்த விசாரணையும் முடியவில்லை. சொர்ணம்மாள் மேல் போட்ட கேசும் முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வாய்தா வருகிறது. அன்றைக்குத் தங்கப்பனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுத் தங்கபாய் வருகிறாள்.

அன்று ஏழாவது பக்கத்தின் பாதியில் சொர்ணம்மாள் யோசித்தாள். "அவ்வளவுதான்" என்றாள்.

அனிஷ் கையை உதறிக்கொண்டு கீழே கோடு போடப் போனான்.

"யம்மா" என்றாள் சுபிதா. "ஒண்ண விட்டுட்டியே."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வகுப்பில் பின்வரிசைக்கும் கேட்கிற குரல் அவளுக்கு இருந்தது. அம்மைக்கே அன்றுதான் அது தெரிந்தது.

"கடைசியா வாசல்ல வச்சுச் சொன்னேல்லா? காண்ட்ராக்டருகிட்ட கைநீட்டுக எரப்பாளின்னு. நான் பக்கத்துல நின்னேன் சார். என்னச் சாட்சியாப் போட்டுக்கிடுங்க."

"ஆமா, சொன்னேன்" என்றாள் சொர்ணம்மாள். "மறந்துட்டேன் மக்ளே."

அனிஷ் பேனாவை மறுபடி திறந்தான். இரண்டு எழுத்து எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

"டீச்சர், எரப்பாளிக்குச் சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?"

சுபிதா இன்ஜினியரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சின்ன 'ர'" என்றாள். "தெளிவா எழுதுங்க."